கணிப்பொறிக்குக் காதும் கண்ணும்
பேராசிரியர் ராஜ் ரெட்டியின் ஆராய்ச்சி வாழ்க்கை

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவியின் அருகே நின்றிருக்கிறீர்களா? நீர் விழும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே சரியாகக் கேட்காது. ஆனால் அம்மா நம் பெயரைச் சொல்லி அழைத்தால் மட்டும் சட்டென்று திரும்புகிறோம். தலை நனைந்து, முகத்தில் தண்ணீர் வழிய நிற்கும் கூட்டத்தில் நம் தம்பி யார் என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது. கடைத்தெருவுக்கு வந்தால், மங்குஸ்தான் விற்கும் பாட்டி பழத்தை விரலால் இலேசாக அழுத்திப் பார்த்தே நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் கூடையில் போடுகிறார்.

கேட்பது, காண்பது, கையால் எடுப்பது ஆகிய இந்த மூன்றையும் யாரும் நமக்குப் பாடம் நடத்திச் சொல்லித் தரவில்லை. மூன்று வயதுக் குழந்தைகூட இவற்றைச் செய்கிறது. ஆனால் பன்னிரண்டு இலக்க எண்கள் இரண்டைக் கொடுத்துப் பெருக்கச் சொன்னால் நாம் திணறுகிறோம். கணிப்பொறியின் நிலை இதற்கு நேர்மாறானது. பெருக்கலை அது கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். ஆனால் ஒரு சொல்லைக் கேட்டுப் புரிந்துகொள்ளவும், ஒரு முகத்தைப் பார்த்து அடையாளம் காணவும் அதற்குக் கற்றுக்கொடுப்பதற்குள் அறிவியலறிஞர்களின் அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது.

அந்த அரை நூற்றாண்டு முயற்சியில் முன்னணியில் நின்றவர்களுள் ஒருவர் நம் சென்னைக் கிண்டியில் படித்தவர். அவர் பெயர் ராஜ் ரெட்டி.

காட்டூரிலிருந்து கிண்டிக்கு

தப்பலா ராஜகோபால் ரெட்டி 1937ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் காட்டூர் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தை ஒரு விவசாயி. அக்குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் ராஜ் ரெட்டிதான்.

1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்று அது அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கம். அங்கே அவர் படித்தது எது தெரியுமா? கணிப்பொறி இயல் அன்று. அப்படி ஒரு பாடமே அப்போது அங்கு இல்லை. அவர் படித்தது கட்டடம், பாலம், அணை ஆகியவற்றைப் பற்றிய சிவில் பொறியியல். 1958இல் பட்டம் பெற்றார்.

பிறகு ஆஸ்திரேலியா சென்றார். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1960இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். முதன்முதலாக அவர் கணிப்பொறியைக் கண்டது அந்நாட்டில்தான். அந்நாளைய கணிப்பொறி ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும். பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்ததைப் போன்ற வெற்றிடக் குழாய்களால் ஆனது. பாலத்தின் மீது விழும் பளுவைக் கணக்கிடும் பொறியியலாளருக்கு அது விரைவாகக் கணக்குப் போடும் ஒரு கருவி, அவ்வளவே. ஆனால் இளைஞர் ரெட்டிக்கு அந்தக் கருவியின் மீதே நாட்டம் பிறந்தது. சிட்னியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

அங்கே அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் பேராசிரியர் ஜான் மெக்கார்த்தி. "செயற்கை நுண்ணறிவு" என்ற துறைக்குப் பெயர் சூட்டியவர் அவர். மெக்கார்த்தியின் கீழ் ரெட்டி எடுத்துக்கொண்ட பொருள், மனிதன் பேசுவதைக் கணிப்பொறி கேட்டு அறிவது எப்படி என்பதாகும். 1966இல் இவ்வாய்வுக்காக டாக்டர் பட்டம் பெற்றார்.

கேட்பதில் என்ன கடினம்?

இங்கே சிறிது இயற்பியல் பார்ப்போம். நம் தொண்டையில் உள்ள குரல் நாண்கள் அதிர்கின்றன. அந்த ஒலி தொண்டை, வாய் ஆகியவற்றின் வழியாக வெளியே வருகிறது. இப்பாதை ஒரு முனை மூடிய குழாய் போன்றது. வளர்ந்த ஆணுக்கு இதன் நீளம் ஏறத்தாழ 17 செ.மீ. ஒரு முனை மூடிய குழாயின் அடிப்படை ஒத்ததிர்வு எண்ணைக் கணக்கிட உங்களுக்குத் தெரியும். ஒலியின் வேகத்தைக் குழாய் நீளத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். அதாவது 340 ÷ (4 × 0.17) = 500 ஹெர்ட்ஸ்.

நாக்கையும் உதட்டையும் அசைக்கும்போது இந்தக் குழாயின் வடிவம் மாறுகிறது. ஒத்ததிர்வு எண்களும் மாறுகின்றன. "ஆ" என்னும்போது முதல் இரண்டு ஒத்ததிர்வுகள் சுமார் 700, 1100 ஹெர்ட்ஸில் அமையும். "ஈ" என்னும்போது அவை சுமார் 300, 2300 ஹெர்ட்ஸுக்குச் சென்றுவிடும். ஆகவே ஒலியை ஆராய்ந்து இந்த எண்களைக் கண்டுபிடித்தால் எழுத்தைச் சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது அல்லவா?

அங்கேதான் சிக்கல். குழந்தையின் குழாய் குட்டையானது. எனவே அதன் ஒத்ததிர்வு எண்கள் அதிகம். அப்பா சொல்லும் "ஆ"வும் தங்கை சொல்லும் "ஆ"வும் ஒரே எண்களைத் தருவதில்லை. சளி பிடித்தால் ஒலி மாறும். கோபத்தில் மாறும்.

அடுத்த சிக்கல் இடைவெளி. எழுதும்போது சொற்களுக்கு இடையே இடம் விடுகிறோம். பேசும்போது விடுவதில்லை. "நாளைக்குத்தென்காசிக்குப்போறேன்" என்று ஒரே மூச்சில் சொல்கிறோம். எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று ஒலி அலையில் கோடு போட்டுக் காட்டப்படுவதில்லை. வினாடிக்கு 10,000 முறை ஒலியின் அளவை எடுத்தால், மூன்று வினாடிப் பேச்சு 30,000 எண்களாகக் கணிப்பொறிக்குள் செல்லும். அந்த எண்களின் குவியலில் "தென்காசி" எங்கே இருக்கிறது?

மூன்றாவது சிக்கலை நம் மொழியிலேயே காட்டலாம். "பல்லி" என்பதையும் "பள்ளி" என்பதையும் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ஒலியில் வேறுபாடு மிகச் சிறிது. ஆனால் "சுவரில் ஓடியது" என்று தொடர்ந்து கேட்டதும் அது எந்தச் சொல் என்று நமக்கு ஐயமே வருவதில்லை. ஏனெனில் பள்ளி ஓடாது என்பது நமக்குத் தெரியும். அதாவது நாம் காதால் மட்டும் கேட்பதில்லை; உலகத்தைப் பற்றி நமக்குள்ள அறிவையும் சேர்த்துக் கேட்கிறோம். ரெட்டியும் அவருடைய மாணவர்களும் கட்டிய அமைப்புகளுக்கு அடித்தளமாக இருந்தது இந்த உண்மைதான்.

கை, கண், காது

டாக்டர் பட்டத்திற்குப் பின் ரெட்டி ஸ்டான்ஃபோர்டிலேயே ஆசிரியரானார். 1968இல் மெக்கார்த்தி, ரெட்டி முதலிய நால்வர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். "கைகளும் கண்களும் காதுகளும் கொண்ட கணிப்பொறி" என்பது அதன் தலைப்பின் பொருள். ஒரு தொலைக்காட்சிக் காமிரா கண்ணாகவும், ஓர் இயந்திரக் கை கையாகவும், ஒரு ஒலிவாங்கி காதாகவும் கணிப்பொறியுடன் இணைக்கப்பட்டன. மேசையில் மரக்கட்டைகள் இருக்கும். வாயால் கட்டளையிட்டால் கணிப்பொறி கேட்கும். காமிராவால் கட்டையைத் தேடும். இயந்திரக் கையால் எடுத்து வைக்கும்.

பேரப் பிள்ளை செய்தால் நாம் திரும்பிக்கூடப் பார்க்காத வேலை! ஆனால் கேட்டல், காணல், செயல் மூன்றையும் ஒரே அமைப்பில் இணைத்துக் காட்டிய தொடக்க முயற்சிகளுள் அது ஒன்று. இன்றைய ரோபோக்களின் வேலையும் அடிப்படையில் இதுவே. உணர்தல், சிந்தித்தல், செயல்படுதல் என்னும் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்றுகொண்டே இருக்கின்றன.

கரும்பலகையைச் சுற்றி நிபுணர்கள்

1969இல் ரெட்டி, பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அந்த ஆண்டிலேதான் ஒரு பெருந்தடையும் எழுந்தது. பெல் ஆய்வகத்தின் புகழ்பெற்ற விஞ்ஞானி ஜான் பியர்ஸ், பேச்சறியும் இயந்திரம் என்பது எளிதில் கைகூடாத கனவு, அதற்குப் பணம் செலவிடுவது வீண் என்னும் கருத்துப்பட ஓர் ஒலியியல் ஆய்விதழில் கடுமையாக எழுதினார். மொழியையும் பொருளையும் அறியாத இயந்திரம் பேச்சை எப்படி அறியும் என்பது அவருடைய வாதம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பியர்ஸ் சுட்டிக்காட்டிய குறை உண்மையானதே. ரெட்டியின் குழுவும் அதே முடிச்சைத்தான் அவிழ்க்க முனைந்தது. பொருளறிவு இல்லாமல் முடியாது என்றால், அந்த அறிவையும் இயந்திரத்தினுள் வைத்துவிட வேண்டியதுதானே!

1971இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்ப்பா ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சுமார் 1000 சொற்களைக் கொண்ட, இடைவெளியின்றிப் பேசப்படும் வாக்கியங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். பிழை 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது இலக்கு.

ரெட்டியின் குழு "ஹியர்சே" என்ற அமைப்புகளை உருவாக்கியது. முதல் ஹியர்சே, வாயால் சொல்லப்படும் சதுரங்க நகர்த்தல்களைக் கேட்டு விளையாடியது. சதுரங்கத்தில் எந்த நகர்த்தல் சாத்தியம் என்பது தெரியுமாதலால், அரைகுறையாகக் கேட்ட சொல்லையும் அதனால் ஊகிக்க முடிந்தது.

அடுத்து வந்த ஹியர்சே-2இல் "கரும்பலகை முறை" என்ற புதுமை இருந்தது. இதை உங்கள் வகுப்பறையை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஒரு கடினமான புதிரைக் கரும்பலகையில் எழுதி, சுற்றிலும் பல நிபுணர்களை நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒலி தெரியும், ஒருவருக்கு எழுத்து, ஒருவருக்குச் சொல், மற்றொருவருக்கு இலக்கணம், இன்னொருவருக்குப் பொருள். யார் கண்ணில் எது படுகிறதோ அதை அவர் பலகையில் எழுதுவார். "இங்கே ஒரு ளகரம் இருக்கலாம்" என்று ஒருவர் எழுத, "அப்படியானால் இது பள்ளி" என்று அடுத்தவர் எழுத, "பின்னால் ஓடியது என்று வருகிறதே, பொருந்தாது" என்று மூன்றாமவர் அதனை அடிப்பார். தனித்தனியாக எவராலும் முடியாத புதிர் கூட்டாக அவிழ்கிறது. இம்முறை பின்னர் பேச்சறிதலுக்கு அப்பாலும், பல்வேறு செயற்கை நுண்ணறிவு அமைப்புகளில் பயன்பட்டது.

ஆயினும் 1976இல் இலக்கைத் தொட்டது அதே கார்னெகி மெலனில் புரூஸ் லவர் உருவாக்கிய "ஹார்பி" என்னும் அமைப்பு. இது 1011 சொற்களை அறிந்திருந்தது. சொல்லக்கூடிய வாக்கியங்கள் அனைத்தையும் ஒரு பெரிய சாலை வரைபடம் போல முன்கூட்டியே அமைத்துக்கொண்டது. ஒலி வர வர, மிகப் பொருத்தமான சில பாதைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிட்டது. எல்லாச் சந்திலும் நுழையாமல், செல்ல வாய்ப்புள்ள சில தெருக்களில் மட்டும் தேடுவதைப் போன்றது இது.

வெற்றிக்குப் பின்னும் அந்த உதவித்தொகைத் திட்டம் தொடரவில்லை. ஆனாலும் குழு கலைந்துவிடவில்லை. ரெட்டியின் மாணவர் கை-ஃபூ லீ 1988இல் "ஸ்ஃபிங்க்ஸ்" என்ற அமைப்பைக் காட்டினார். யார் பேசினாலும் அறியும் ஆற்றல் அதற்கு இருந்தது. அதற்கு முன் பெரும்பாலான அமைப்புகளுக்கு ஒவ்வொருவர் குரலையும் தனியே பழக்க வேண்டியிருந்தது. இன்று கைப்பேசியிடம் நாம் பேசுகிறோம் என்றால், அந்தப் பாதையில் இவையெல்லாம் மைல்கற்கள்.

ரோபோக்களுக்கு ஒரு கல்விக்கூடம்

1979இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் ரோபோ ஆராய்ச்சிக்கென்றே தனி நிலையம் ஒன்றை நிறுவியது. வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் பொருளுதவி செய்தது. அதன் முதல் இயக்குநர் ராஜ் ரெட்டி. 1991 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார்.

நல்ல இயக்குநரின் திறமை, தானே எல்லாவற்றையும் செய்வதில் இல்லை. தக்கவர்களைத் திரட்டுவதில் இருக்கிறது. அந்த நிலையத்தில் கூடியவர்களின் வேலைகளில் சிலவற்றைப் பாருங்கள்.

1979 மார்ச்சில் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. கதிரியக்கம் மிகுந்த அதன் அடித்தளத்திற்குள் மனிதர் செல்ல இயலவில்லை. ரெட் விட்டேக்கர் குழுவினர் உருவாக்கிய தொலை இயக்க வண்டிகள் 1980களின் நடுவில் உள்ளே இறங்கிப் படம் எடுத்தன, துப்புரவுக்கு உதவின.

1994இல் "டான்டே-2" என்ற எட்டுக்கால் ரோபோ அலாஸ்காவில் உள்ள ஸ்பர் எரிமலையின் வாய்க்குள் நடந்து இறங்கி, வாயுக்களை ஆராய்ந்தது. திரும்பி ஏறும்போது கவிழ்ந்துவிட்டது. ஆனால் அதற்குள் வேண்டிய அளவீடுகள் விஞ்ஞானிகளின் கைக்கு வந்துவிட்டன. அந்த இடத்தில் ஒரு மனிதர் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1980களின் நடுவிலே "நேவ்லேப்" என்னும் தானியங்கி வண்டிகளின் வரிசை தொடங்கியது. 1995இல் டீன் பொமர்லோ, டாட் ஜோக்கம் இருவரும் அத்தகைய வண்டி ஒன்றில் பிட்ஸ்பர்க்கிலிருந்து சான் டீகோ வரை 2849 மைல், அதாவது சுமார் 4585 கிலோமீட்டர் பயணம் செய்தனர். வழியில் 98.2 விழுக்காடு தூரம் கணிப்பொறியே ஸ்டீயரிங்கைத் திருப்பியது. வேகத்தையும் பிரேக்கையும் மனிதரே கவனித்துக்கொண்டனர்.

காண்பதில் என்ன கடினம்?

வண்டி ஓட்டக் கண் வேண்டும். கணிப்பொறிக்குக் கண் தரும் கலையில் பெரும் பெயர் பெற்றவர் டக்கியோ கனாடே. ஜப்பானில் 1945இல் பிறந்தவர். கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தபோது, 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் திரட்டப்பட்ட 800க்கும் மேற்பட்ட முகப் படங்களைக் கணிப்பொறிக்குக் கொடுத்தார். கண், மூக்கு, வாய் எங்கே என்று அதுவே தேடி, அவற்றிடையே உள்ள தூரங்களை அளந்தது. ஒரு சோதனையில் 20 பேரில் 15 பேரை அது சரியாக அடையாளம் கண்டது. 1980இல் அவர் கார்னெகி மெலனில் சேர்ந்தார். 1992 முதல் 2001 வரை ரோபோ நிலையத்தின் இயக்குநராகவும் இருந்தார். 2016இல் கியோட்டோ பரிசு அவருக்குக் கிடைத்தது.

கணிப்பொறிக்குப் படம் என்பது என்ன? எண்களின் அட்டவணை. 512 வரிசை, வரிசைக்கு 512 புள்ளிகள் என்றால் மொத்தம் 2,62,144 எண்கள். ஒவ்வோர் எண்ணும் அந்தப் புள்ளியின் வெளிச்சத்தைக் குறிக்கும். தென்காசிக் கோயிலின் ராஜகோபுரத்தைக் காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம் எடுத்தால், ஏறத்தாழ எல்லா எண்களும் மாறிவிடும். நமக்கு அது அதே கோபுரம். கணிப்பொறிக்கு முற்றிலும் வேறு அட்டவணை.

அசைவை அறிவதில் இன்னொரு சிக்கல் உண்டு. அதை நீங்களே செய்து பார்க்கலாம்.

செய்து பாருங்கள்: ஒரு தாளில் கோயில் மதில் போலச் செங்குத்தாகப் பட்டைகள் வரைந்து கொள்ளுங்கள். பட்டைகள் தாளின் மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரம் வரை செல்ல வேண்டும். ஓர் அட்டையில் ஒரு செ.மீ. அகலத் துளை இட்டு, அத்தாளின் மேல் வையுங்கள். நண்பரை அடியில் உள்ள தாளை மேலும் கீழுமாக நகர்த்தச் சொல்லுங்கள். துளை வழியே பார்த்தால் எந்த அசைவும் தெரியாது! இப்போது சாய்வாக நகர்த்தச் சொல்லுங்கள். பட்டைகள் பக்கவாட்டில் மட்டும் செல்வதாகத் தோன்றும். அடுத்து, தாளில் ஒரு கூட்டல் குறி வரைந்து அதைத் துளையினுள் கொண்டுவந்து நகர்த்துங்கள். எந்தத் திசையில் நகர்த்தினாலும் தெளிவாகத் தெரியும்.

இதிலிருந்து என்ன அறிகிறோம்? ஒற்றைக் கோட்டை மட்டும் பார்த்து அசைவின் திசையைச் சொல்ல முடியாது. மூலை, முடுக்கு, குறுக்குக் கோடு உள்ள இடத்தைப் பார்க்க வேண்டும். 1981இல் புரூஸ் லூகாஸ், கனாடே இருவரும் வெளியிட்ட முறை இவ்வகைச் சிக்கலுக்கு ஒரு விடை தந்தது. ஒரு புள்ளியைத் தனியே பார்க்காமல், அதைச் சுற்றியுள்ள சிறு சதுரத்தை எடுத்துக்கொள்கிறது அம்முறை. அந்தச் சதுரத்தை அடுத்த படத்தின் மேல் எவ்வளவு நகர்த்தி வைத்தால் வெளிச்ச வேறுபாடுகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகக் குறைவாகும் என்று கணக்கிடுகிறது. அந்த நகர்வே அசைவு. காமிராவின் கை நடுக்கத்தைச் சரி செய்வது முதல், ரோபோ தன் பாதையை அறிவது வரை எத்தனையோ இடங்களில் லூகாஸ்-கனாடே முறை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்பட்டு வருகிறது. அதில் உள்ள கணிதம், நீங்கள் மேல்வகுப்பில் படிக்கப்போகும் நுண்கணிதமும் நேரியல் சமன்பாடுகளும்தான்.

காலப்போக்கில் இன்னொரு வழியும் வளர்ந்தது. விதிகளை நாம் எழுதித் தருவதற்குப் பதிலாக, உதாரணங்களைக் காட்டிக் கணிப்பொறியே கற்கும்படி செய்வது. பொமர்லோ 1980களின் இறுதியில் உருவாக்கிய "ஆல்வின்" என்ற நரம்பு வலை, மனிதர் வண்டி ஓட்டுவதைப் பார்த்தே ஸ்டீயரிங் திருப்பக் கற்றது. அதன் "விழித்திரை" 30 × 32, ஆக வெறும் 960 புள்ளிகள்! இன்றைய நரம்பு வலைகள் கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துக் கற்கின்றன. கருத்து அதேதான்; அளவுதான் பெருகிவிட்டது.

யாருக்காக இந்த இயந்திரம்?

1994ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது ராஜ் ரெட்டிக்கும் எட்வர்டு ஃபைகன்பாமுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கணிப்பொறித் துறையின் நோபல் என்று இதைச் சொல்வார்கள். ஆசியாவில் பிறந்த ஒருவர் இதைப் பெற்றது அதுவே முதல் முறை. இந்திய அரசு 2001இல் பத்மபூஷண் அளித்தது.

ஆனால் விருதுப் பட்டியலைவிட நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. கணிப்பொறி எழுத்தறிந்தவர்களுக்கும் பணம் படைத்தவர்களுக்கும் மட்டும் உரியதா என்ற கேள்வியை ரெட்டி விடாமல் எழுப்பி வந்தார். 1980களில் வளரும் நாடுகளுக்குக் கணிப்பொறியைக் கொண்டுசெல்லப் பாரிசில் தொடங்கிய ஓர் உலக மையத்தில் தலைமை விஞ்ஞானியாகப் பணியாற்றினார். அதற்காக 1984இல் பிரெஞ்சு அரசு தன் உயரிய "லீஜன் ஆஃப் ஆனர்" விருதை அளித்தது. பின்னர் இந்தியா, சீனா முதலிய நாடுகளுடன் இணைந்து பத்து லட்சம் நூல்களை மின்வடிவில் ஏற்றும் திட்டத்தை முன்னின்று நடத்தினார்; 2007க்குள் அந்த எண்ணிக்கை தாண்டப்பட்டது. ஆந்திராவில் பத்தாம் வகுப்பு முடித்த கிராமப்புற மாணவர்களுக்காக 2008இல் நிறுவப்பட்ட ராஜீவ் காந்தி அறிவுசார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரும் அவரே.

பேச்சை அறியும் கணிப்பொறியின் பெருமையும் இங்கேதான் விளங்குகிறது. தட்டச்சு தெரியாத, படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டியும் வாய் திறந்து கேட்கலாம், விடை பெறலாம்.

நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அருவிக்கரைக் கூட்டத்தில் தொலைந்த குழந்தையைக் கண்டுபிடிக்க உதவும் அதே முகமறியும் காமிரா, குற்றமற்றவரையும் வேவு பார்க்கலாம். அது தவறவும் கூடும். 2018இல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு ஆய்வாளர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக அமைப்புகள் சிலவற்றைச் சோதித்தனர். வெளிர்நிறத் தோலுடைய ஆண்களிடம் பிழை 1 விழுக்காட்டுக்கும் குறைவு. கருநிறத் தோலுடைய பெண்களிடமோ பிழை 34 விழுக்காடு வரை சென்றது. காரணம் என்ன? கணிப்பொறி கற்பதற்குத் தந்த படங்களில் கருநிற முகங்கள் மிகக் குறைவாக இருந்தது ஒரு முக்கியக் காரணம். யாரைக் காட்டிக் கற்பிக்கிறோமோ அவரைத்தான் அது நன்கு அறியும். கற்பிப்பவர்களின் கூட்டத்தில் நாம் இல்லாவிட்டால், நம் முகமும் நம் பேச்சும் அதற்கு அந்நியமாகவே இருக்கும்.

உங்களுக்கு ஒரு வேலை

இளம் நண்பர்களே! இன்றைய கைப்பேசிகள் தமிழைக் கேட்டு எழுதுகின்றன. ஆனால் செய்தி வாசிப்பவரின் தமிழை எழுதும் அளவுக்கு நம் ஊர்ப் பேச்சை எழுதுகின்றனவா? "அவர்கள் வந்தார்கள்" என்பதையும் "அவுக வந்தாவ" என்பதையும் சொல்லிப் பாருங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி, அம்மா, தம்பி என்று பத்துப் பேரிடம் ஒரே வாக்கியத்தைச் சொல்லச் சொல்லி, எத்தனை முறை சரியாக எழுதுகிறது, எந்தச் சொல்லில் தவறுகிறது என்று அட்டவணை போடுங்கள். லகர, ளகர, ழகரங்களில் எத்தனை பிழை? மின்விசிறி ஓடும்போது எத்தனை? குழந்தைக் குரலில் எத்தனை? இயற்பியல் ஆசிரியரிடமும் தமிழாசிரியரிடமும் அதைக் காட்டிக் காரணம் கேளுங்கள். இரண்டு பேரும் தேவைப்படுவார்கள். ஹியர்சேயின் கரும்பலகையைச் சுற்றிப் பலர் நின்றது அதனால்தான்.

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் ஒரு மென்பொருள் நிறுவனம் இயங்கி வருகிறது. இப்பகுதி இளைஞர்கள் பலர் அங்கே நிரல் எழுதுகிறார்கள். இத்தகைய வேலைக்குப் பெருநகரம்தான் வேண்டும் என்ற காலம் மாறிவிட்டது. கிண்டியில் பாலம் கட்டப் படித்தவர் கணிப்பொறிக்குக் காது தரப் போனார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நீங்கள் எந்தப் பாடப்பிரிவில் சேர்கிறீர்கள் என்பதோடு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. எல்லோரும் "இதில் என்ன இருக்கிறது, குழந்தைகூடச் செய்யுமே" என்று தள்ளிவிடும் ஒன்றை எடுத்து, "இதை எப்படிச் செய்கிறோம்?" என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், அங்கே ஓர் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது என்று பொருள்.

அட்டவணையை இன்று மாலையே தொடங்கலாமே!